டியூ நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள்: திருப்பூரின் குழுக் கடன் மேலாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

திருப்பூரில் வாரக் குழுக் கடன் கொடுக்கும் கம்பெனிகளின் கிளை மேலாளர்களுக்கும், அவர்களுக்கு மேலே ஏரியா மேனேஜர், ரீஜனல் மேனேஜர் என்று இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று பெயர் போடப் போவதில்லை. நாலு கம்பெனியில் வாங்கினேன், நாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன, ஒருவர் பெயரை மட்டும் போட்டால் மற்ற மூன்று பேரும் தப்பித்துவிடுவார்கள்.

தள்ளுபடி கேட்டு எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இப்போது உங்களிடம் ஒரு பைசா பாக்கி கிடையாது, கடைசி டியூவைப் போன கார்த்திகையில் கட்டிவிட்டேன். பாக்கி வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசினால் கட்ட முடியாதவள் சாக்கு சொல்கிறாள் என்பீர்கள், அதனால்தான் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். நான் இன்னொரு பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பிள்ளைகள், மாமியார், 4,000 ரூபாய் வாடகையில் லைன் வீடு. 2023 கடைசியில் எங்கள் இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து வாரம் 5,400. தீபாவளி, பொங்கல், ஆர்டர் இல்லாத வாரம் எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு 50 வாரம் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு 22,500 வரும். இந்த 22,500ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் உங்கள் ஆள் இதைத் திருத்தப் போகிறார்.

கடன் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2022இல் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. காப்பீட்டுத் திட்ட அட்டை பீரோவில்தான் இருந்தது, ஆனால் அந்த ராத்திரி பதற்றத்தில் அது செல்லாத ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டோம். அது எங்கள் தப்பு, உங்கள் தலையில் அதைப் போட மாட்டேன். ஒன்பது நாள். என் தாலிச் செயின் மூன்று பவுன், வளையல் ஜோடி இரண்டரைப் பவுன், எல்லாம் பேங்கில் அடகுக்குப் போனது. அது போதாமல் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு 50,000 வாங்கினோம். என் அண்ணன் 30,000 கொடுத்தார். மாமனார் பிழைத்து வந்து ஒரு வருஷம் இருந்தார். நகைக்கு வட்டி கட்ட முடியாமல் அடுத்த வருஷம் திருப்பி வைத்தபோது அந்தக் கடன் 1,60,000 ஆகியிருந்தது.

அப்போதுதான் எதிர் வீட்டு அக்கா உங்கள் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். முதலில் 60,000, வாரம் 730. வாடகை பாக்கிக்கும் மருந்துக்கும் வட்டிக்காரருக்கும் போனது. அப்புறம் இன்னொரு கம்பெனியில் 45,000, வாரம் 550. மூன்றாவது 40,000, வாரம் 490. இந்த மூன்றாவது எதற்கு வாங்கினேன் என்றால் முதல் இரண்டுக்கும் டியூ கட்ட. நாலாவது 35,000, வாரம் 425, அது முதல் மூன்றுக்கும். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எங்கள் வீதியில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், அது உங்களுக்கும் நன்றாகத் தெரியும்.

2024 பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி மகளுடைய பழைய ரஃப் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினோம். குழுக் கடன் வாங்கியது 1,80,000, வண்டி லோன் 48,000, நகை 1,60,000, வட்டிக்காரர் 50,000, அண்ணன் 30,000. நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். வீட்டுக்காரர் தொகையைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "தப்பாக் கூட்டிருப்ப, இன்னொரு தடவை கூட்டு" என்றார். கூட்டினேன். அதேதான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நாலாவது கடனுக்கு ஃபார்ம் எழுத வந்த தம்பி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "குடும்ப வருமானம் எவ்வளவுக்கா?" என்றார். வாரம் 5,400, சில வாரம் அதுவும் இல்லை என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மாதம் 24,900 என்று தட்டினார். ஏன் தம்பி என்று கேட்டதற்கு, "25,000 தாண்டினா வருஷத்துக்கு மூணு லட்சத்துக்கு மேல போயிரும், சிஸ்டம் எடுக்காது. ரொம்பக் குறைச்சாலும் எடுக்காதுக்கா" என்றார். எனக்கு அன்றைக்குப் பணம் வேண்டும், தலையாட்டிவிட்டேன்.

ஏன் அந்த 24,900 என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் ஒரு விதி போட்டு அந்த ஏப்ரல் 1இல் இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வருஷ வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத்தான் இந்த மாதிரிக் கடன், அந்தக் குடும்பம் கட்ட வேண்டிய எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நல்ல விதிதான், யாரோ எங்களை நினைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். என் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலு டியூவும் சேர்த்து வாரம் 2,195, மாதத்துக்கு 9,500 சொச்சம். வண்டி லோன் 2,600. ஆக 12,100. என் உண்மையான வருமானத்தில் பாதி 11,250, அதன்படி அந்த நாலாவது கடன் எனக்குக் கிடைத்திருக்கவே கூடாது. 24,900இல் பாதி 12,450, அதற்குள் அழகாக அடங்கிவிடுகிறது. அந்தத் தம்பி கணக்கில் கெட்டிக்காரர், எங்கள் கம்பெனியில் இருந்திருந்தால் அக்கவுண்ட்ஸில் போட்டிருப்பார்கள்.

இதில் நகைக்கடனைக் கேட்கவில்லை. வட்டிக்காரரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்றால், தெரியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டியது உங்கள் வேலை.

இன்னொன்று, கடன் 40,000 என்று தவணை எழுதும் கார்டில் இருக்கும், கையில் வந்தது 37,600. பிராசஸிங், இன்சூரன்ஸ், அப்புறம் ஒரு சோலார் விளக்கு. எங்கள் லைன் வீட்டில் வெயில் விழும் இடமே கிடையாது, நான் விளக்கும் கேட்கவில்லை. கடனோடு வேறு பொருள் எதையும் எங்கள் சம்மதம் இல்லாமல் தலையில் கட்டக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. விளக்கு இன்னும் அட்டைப் பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம்.

சென்டர் மீட்டிங் எப்படி நடக்கிறது என்று ஏரியா மேனேஜருக்கு மேலே உள்ளவர்கள் பார்த்திருப்பீர்களா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி, எதிர் வீட்டு அக்கா வாசலில் ஒரு பாய். பதினாலு பேர். உறுதிமொழி சொல்ல வேண்டும். அப்புறம் ஒவ்வொருத்தரும் கார்டையும் பணத்தையும் பாயின் நடுவில் வைக்க வேண்டும். பதிமூன்று கார்டு இருந்து ஒன்று இல்லையென்றால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த ஒருத்தி வரும்வரை, அல்லது அவளுக்காக மற்றவர்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு போடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் வீட்டுக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள். உங்கள் ஆள் போக மாட்டார், எங்களைத்தான் அனுப்புவார். நேற்று ராத்திரி அவள் வீட்டில் கடன் கேட்டு வாங்கிய தோசை மாவுக் கிண்ணம் என் அடுப்படியில் இருக்கும், நான் போய் அவள் கதவைத் தட்ட வேண்டும்.

எங்கள் ஷிப்ட் எட்டரைக்கு. முதல் மீட்டிங் முடிந்து எட்டே காலுக்கு அடுத்த வீதியில் இரண்டாவது கம்பெனி மீட்டிங். பத்து நிமிஷம் தாமதமானால் கால் ஷிப்ட் போச்சு. எனக்கு ஒரு ஷிப்ட் 350 ரூபாய், கால் ஷிப்ட் 87 ரூபாய் 50 காசு. செவ்வாய், புதன், வெள்ளி என்று உங்கள் நாலு கம்பெனிக்கும் சேர்த்து வாரத்தில் இரண்டு நாளாவது இந்தக் கால் ஷிப்ட் போகும். வாரம் 175. வருஷத்துக்கு 50 வாரம் வேலை என்றால் 8,750. 60,000 ரூபாய்க் கடனுக்கு 104 வாரம் 730 கட்டி நான் கொடுத்த மொத்த வட்டியே 15,920தான். இந்த 8,750 உங்கள் கணக்கில் எங்கேயாவது இருக்கிறதா? உங்களுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை, முதலாளிக்கு மிச்சம்.

சரி, இந்தச் செவ்வாய்க்கிழமைதான் நான் எழுத வந்ததே.

திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயந்திரம் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீரபாண்டியில் இருந்து அனுப்பர்பாளையம் வரை எந்த லைன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் பணம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைப் பாக்கி, அரைக் கிலோ கறி, பிள்ளைக்குச் செருப்பு. திங்கட்கிழமை கேஸ். செவ்வாய்க்கிழமை காலையில் கவர் மட்டும் இருக்கும். எங்களுக்குப் பொறுப்பில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். இருக்கட்டும். ஆனால் உங்களுக்கு மாதச் சம்பளம் 1ஆம் தேதி வருகிறது, உங்கள் வீட்டு லோன் தவணை எந்தத் தேதியில் போகிறது? 5ஆம் தேதிக்குள் போகும்படி பேங்க்காரர்களே வைத்திருப்பார்கள். 25ஆம் தேதி வைத்தால் நீங்களும் தடுமாறுவீர்கள்.

வட்டிக்காரர் மாதம் 2,500 வட்டியை வாரம் 625 ஆகப் பிரித்துக்கொண்டார். எங்கே வாங்குவார் தெரியுமா? சனிக்கிழமை சாயந்திரம், கம்பெனிக்குப் பக்கத்து டீக்கடை வாசலில். என் வீட்டுக்காரர் கவரோடு வெளியே வருவார், அவர் சிரித்துக்கொண்டே, "என்னங்க, டீ சாப்பிடலாமா?" என்பார், டீக்கு அவரே காசு கொடுப்பார், 625 போய்விடும். நூற்றுக்கு ஐந்து என்றால் வருஷத்துக்கு 60 சதவீதம். அப்படி வட்டி வாங்குவதைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று. அந்த ஆள் செய்வது குற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஒரு வாரம்கூடப் பணம் வாங்காமல் போனதில்லை, ஒரு வாரம்கூடச் சத்தம் போட்டதுமில்லை. ரிசர்வ் வங்கி லைசென்ஸ் வைத்திருக்கும் நீங்கள் ஐந்தில் ஒரு வாரம் எங்கள் வாசலில் சத்தம் போட்டிருக்கிறீர்கள். சம்பளம் எந்தக் கிழமை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, உங்கள் சிஸ்டத்துக்குத் தெரியவில்லை, இவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கிளைக்கே வந்து கேட்டேன். டியூவைச் சனிக்கிழமை ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமை காலையோ வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாரம்கூடத் தவற மாட்டேன் என்று. "ரூட் ஃபிக்ஸ் பண்ணியாச்சும்மா, மாத்த முடியாது" என்றார்கள். சரி, ஜிபே பண்ணிவிடட்டுமா சனிக்கிழமையே என்றால், பண்ணலாம், ஆனால் மீட்டிங்குக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். பணம் கட்டியவள் எதற்கு வர வேண்டும்? கட்டாதவளுக்காக உட்கார.

அதனால் நாங்களே ஒரு வழி பண்ணிக்கொண்டோம். சம்பளக் கவர்களைத் தூக்கிப் போடாமல் வைத்து, ஒவ்வொன்றிலும் செவ்வாய் 1,280, புதன் 490, வெள்ளி 425 என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, சனிக்கிழமை ராத்திரியே பணத்தைப் போட்டு ஒட்டி, மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவேன். நானே கேட்டாலும் கிழமை வராமல் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை பையனுக்குக் காய்ச்சல் என்று கேட்டபோது, தன் கல்லாவில் இருந்து 200 எடுத்துக் கொடுத்தாரே தவிர கவரைத் தொட விடவில்லை. அதற்கு அப்புறம் உங்கள் மீட்டிங்கில் என் கார்டு ஒரு தடவைகூடத் தாமதமாகப் போனதில்லை. இந்த வேலையை அண்ணாச்சி சம்பளம் இல்லாமல் செய்தார், உங்கள் நாலு கம்பெனியும் சேர்ந்து அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

மற்றதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். வீட்டுக்காரர் 2024 முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்தார், காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. நான் ராத்திரி மாமியாரோடு உட்கார்ந்து பனியன்களில் பிசிறு நூல் வெட்டினேன். ரேஷன் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், அதற்கு மேல் கடையில் எண்ணெய் வாங்கவில்லை. கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்கு மாறினேன், எங்களுக்கு அதில் டிக்கெட் இல்லை. மகளை ஐந்தாவது முடித்ததும் மெட்ரிக் பள்ளியில் இருந்து எடுத்து அரசுப் பள்ளியில் ஆறாவது சேர்த்தோம், வருஷம் 22,000 ஃபீஸ் நின்றது. ஒரு வாரம் அழுதாள். எனக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தால் காலேஜ் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும் என்று டீச்சர் சொன்னார், அதை அவளிடம் பெரிய விஷயமாகச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன், ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு அது என்ன புரியும்.

தீபாவளி போனஸ் வந்தது, இரண்டு பேருக்கும் சேர்த்து 22,000. வழக்கமாக அது துணி, பட்டாசு, ஊருக்குப் பஸ் டிக்கெட் என்று கரையும். அந்த வருஷம் கவரைப் பிரிக்காமலே டீக்கடைக்குக் கொண்டுபோய் வட்டிக்காரரிடம் அசலில் கழிக்கச் சொன்னோம். அவர் முகம் விழுந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. வாரம் 625 வட்டி 350 ஆகக் குறைந்தது. அந்த வருஷத்தின் பத்து மாதத்தில் மட்டும் அந்த ஆளுக்கு வெறும் வட்டியாகவே 25,000 கொடுத்திருந்தோம், அசல் 50,000 அசையாமல் நின்றது.

அடுத்தது 2025 ஜனவரியில் சீட்டு எடுத்தேன், 20,000. இங்கே உங்கள் கதை மறுபடி வருகிறது. வெள்ளிக்கிழமை டியூ, அந்த நாலாவது கடன், இன்னும் 16,000 சொச்சம்தான் பாக்கி இருந்தது. அதை மொத்தமாகக் கட்டி முடித்துவிட்டால் வாரத்தில் ஒரு மீட்டிங் குறையும், ஒரு கால் ஷிப்ட் மிஞ்சும் என்று நினைத்தேன். என் தங்கை வீட்டுக்காரர், 60 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 24 சதவீதக் கடனை யாராவது முன்னால் முடிப்பார்களா என்று திட்டினார். கணக்குப்படி அவர் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பாயில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் நான் ஏன் அப்படி நினைத்தேன் என்று புரியும்.

பணத்தோடு கிளைக்கு வந்தேன். முதல் நாள், மேனேஜர் இல்லை. இரண்டாவது நாள், மாதக் கடைசி, குளோசிங் எடுக்க மாட்டோம். மூன்றாவது நாள், "இப்ப முடிக்காதீங்கம்மா, முடிச்சா கிளையோட நம்பர் குறையும், வேணும்னா இதை முடிச்சிட்டு 60,000 புதுசா எடுத்துக்கங்க." மூன்று நாளும் எனக்கு அரை ஷிப்ட் லீவு. முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதமே கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. நீங்கள் அபராதம் வாங்கவில்லைதான், கடனை முடிக்கவே விடவில்லை. நேராக டீக்கடைக்குப் போனேன். வட்டிக்காரர் நின்ற இடத்திலேயே 20,000ஐ எண்ணி வாங்கிக்கொண்டார். நல்லதாகப் போயிற்று என்று தங்கை வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். மீதி 8,000ஐ மார்ச்சுக்குள் முடித்தோம், அதே மாதம் உங்கள் 730 டியூவும் ஓய்ந்தது.

நகை எங்கள் சாமர்த்தியம் இல்லை, தங்கம் ஏறியதால் தப்பித்தோம். 2025 ஏப்ரலில் பவுன் 70,000ஐத் தாண்டியபோது வளையலை விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணினோம். மீட்டால்தானே விற்க முடியும், மீட்கப் பணம் வேண்டுமே. அடகு நகையை நாங்களே மீட்டு எடுத்துக்கொள்கிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் கேட்டேன், சொன்ன விலை பிடிக்கவில்லை. தங்கை தன் வீட்டில் நிலம் வாங்க வைத்திருந்த பணத்தை ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்தாள். காலை பத்து மணிக்குப் பேங்கில் 1,67,000 கட்டி மீட்டு, பன்னிரண்டு மணிக்கு நகைக்கடையில் வளையல் இரண்டரைப் பவுனை எடை போட்டு, கழிவு போகப் பவுனுக்கு 67,000 வீதம் 1,67,500 வாங்கி, ஒரு மணிக்கு முன்னால் தங்கை கையில் கொடுத்துவிட்டேன். மிச்சம் 500. மூன்று பவுன் தாலிச் செயின் கழுத்துக்குத் திரும்பியது. அந்த 500க்கு அன்றைக்குப் பிரியாணி.

ஆகஸ்ட் 27இல் இருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்று ஒரு ஷிப்ட் ஆனது, சில வாரம் நாலு நாள்தான் வேலை. நல்லவேளை அதற்குள் மூன்று டியூ முடிந்து வெள்ளிக்கிழமை 425 மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2024இல் நாலும் ஓடியபோது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எங்கள் குழுவில் இரண்டு குடும்பம் அந்த மாதம் ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குப் போய்விட்டது. அவர்கள் டியூவை யாரிடம் வாங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் பணத்தை அந்தத் தீபாவளி போனஸில் பெரும்பகுதி கொடுத்தோம். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்காதவருக்குக் கடைசியில்தான் கொடுக்க முடிந்தது.

உங்கள் கலெக்‌ஷன் தம்பிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வந்த தம்பிக்கு 23 வயது இருக்கும், தெற்கத்திப் பக்கம், ஐந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். ஒரு தடவை ஒருத்தி வரவே இல்லை, எல்லோருக்கும் நேரமாகிறது, அவரே பர்ஸைத் திறந்து 425 போட்டு மீட்டிங்கை முடித்தார். சாயந்திரம் அவள் வீட்டு வாசலில் எட்டு மணிவரை உட்கார்ந்து அதைத் திருப்பி வாங்கினார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்தப் பையனுக்கு டார்கெட் போட்டது நீங்கள். மாலை 6 மணிக்கு மேல், காலை 9 மணிக்கு முன் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர் என்று யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது, மீட்டிங் இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு தடவை வராவிட்டால்தான் வீட்டுக்கே வரலாம், இதெல்லாம் விதி. 2025இல் தமிழ்நாடு அரசு வலுக்கட்டாயமாக வசூலிப்பதற்குச் சிறைத் தண்டனை என்று தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. வழக்கு என்று வந்தால் வாசலில் உட்கார்ந்த பையன் பெயர்தான் முதலில் எழுதப்படும், டார்கெட் போட்டவர் பெயர் எழுத மாட்டார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. குழு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எங்களுக்கு ஈடு இல்லாமல் வேறு யார் 60,000 கொடுப்பார்கள். திருப்பூருக்கு மட்டுமாவது டியூ நாளைச் சனிக்கிழமை ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமை காலையோ என்று மாற்றுங்கள். ஒரு கிளையில் ஆறு மாதம் செய்து பாருங்கள், நடக்கவில்லையென்றால் மறுபடி பழைய ரூட்டுக்கே போங்கள். பணம் அனுப்பியவளை மீட்டிங்கில் உட்கார வைக்காதீர்கள். ஃபார்மில் வருமானம் எழுதும் இடத்தில் நாங்கள் சொல்வதை எழுதுங்கள், கடன் கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும். நவம்பர் 2023இல் எனக்கு அந்த 35,000 கிடைக்காமல் போயிருந்தால் ஒரு மாதம் திண்டாடியிருப்பேன், அண்ணன் காலில் விழுந்திருப்பேன், ஆனால் இரண்டு வருஷ வெள்ளிக்கிழமை மிஞ்சியிருக்கும். ஒருத்தருக்கு மூன்று கம்பெனிக்கு மேல் கொடுப்பதில்லை, மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று 2025இல் இருந்து உங்கள் சங்கமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது, நல்லது, ஆனால் இரண்டு லட்சம் எங்கள் சம்பளத்துக்கு இன்னும் பெரிய தொகைதான். முடிக்க வருகிறவளிடம் வாங்கி முடியுங்கள். முடித்ததும் பாக்கி இல்லை என்று கடிதம் கொடுங்கள். என் மூன்றாவது கடனை நான் கட்டி முடித்து மூன்று மாதம் கழித்தும் கிரெடிட் ரிப்போர்ட்டில் பாக்கி என்றே காட்டியது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ரிப்போர்ட்டை இலவசமாக எடுக்கலாம் என்பதால் தெரிந்தது. புகார் கொடுத்து 30 நாளில் சரி செய்யாவிட்டால் நாளைக்கு 100 ரூபாய் எங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது என்று தங்கை வீட்டுக்காரர் உங்கள் கிளையில் சொன்னதும், நான்காவது நாளே சரியாகிவிட்டது.

போன வாரம் உங்கள் ஒரு கிளையில் இருந்து போன் வந்தது. "மேடம், உங்க ட்ராக் ரொம்ப சூப்பரா இருக்கு, ஒரு லட்சம் வரைக்கும் எலிஜிபிள், செவ்வாய்க்கிழமை காலையில வந்து பேசட்டுமா?" என்றார்கள். அன்றைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். கடன் வேண்டாம். ஆனால் இந்த மடலைப் பற்றிப் பேசுவதென்றால் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் தாராளமாக வீட்டுக்கு வாருங்கள், ஆறு மணிக்கு மேல் கூப்பிடக் கூடாது என்பது உங்களுக்குத்தானே, கூப்பிடுவது நான். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், எட்டரைக்கு எனக்கு ஷிப்ட்.